தரவிலிருந்து வலைப்பக்கம்: எந்தப் பக்கத்தை எந்த வழியில் உருவாக்குவது? ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்களைத் தேடி வரும் வேலைகள் பெரும்பாலும் ஒரே சாயல் கொண்டவை. கோயில் நிர்வாகம் திருவிழா உபயக்காரர்களின் பட்டியலை வலையில் காட்டக் கேட்கிறது. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நன்கொடைக் கணக்கைக் காட்டக் கேட்கிறது. செம்பனைக் குலை வாங்கும் நிலையம் அன்றைய விலையையும் ஒவ்வொருவரின் எடைக் கணக்கையும் காட்டக் கேட்கிறது. தரவு ஏற்கெனவே ஒரு தரவுத்தளத்திலோ எக்செல் தாளிலோ இருக்கிறது. அது எந்த வழியில் எச்டிஎம்எல் பக்கமாக மாற வேண்டும் என்பதுதான் முடிவு செய்யப்பட வேண்டியது.

அந்த இடத்தில் எல்லாரும் முதலில் கேட்பது “ரியாக்டில் செய்யலாமா, பிஎச்பி போதுமா” என்பதைத்தான். கருவியை முதலில் தேர்ந்துவிட்டால், செயலியின் எல்லாப் பக்கங்களும் அந்தக் கருவிக்கு ஏற்றபடி வளைய வேண்டியதாகிவிடும். ஒரே செயலியின் நான்கு பக்கங்களுக்கு மூன்று வெவ்வேறு வழிகள் பொருந்தலாம். அதில் குழப்பம் எதுவும் இல்லை. முடிவைப் பக்கம் பக்கமாக எடுக்க வேண்டும் என்பதையே இந்த வழிகாட்டி அடிப்படையாகக் கொள்கிறது.

எடுத்துக்காட்டாகச் செம்பனைக் குலை வாங்கும் ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். சிறுதோட்டக்காரர்கள் லாரியில் குலைகளைக் கொண்டுவருகிறார்கள். எடைமேடையில் லாரியின் மொத்த எடையும், குலைகளை இறக்கிய பிறகு வெற்று எடையும் பதிவாகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிகர எடை. அன்றைய விலையால் பெருக்கினால் தொகை கிடைக்கிறது. இந்தத் தரவிலிருந்து நான்கு பக்கங்கள் தேவைப்படுகின்றன: அன்றைய விலைப் பக்கம், ஒவ்வொருவரின் மாதக் கணக்கு, கிராணி (எழுத்தர்) உட்கார்ந்திருக்கும் எடைப் பதிவுத் திரை, அச்சிடும் ரசீது.

படி 1: பக்கங்களைத் தாளில் எழுதுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன், ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே மூன்று விடைகளை எழுதுங்கள். அதைப் படிப்பவர் யார்? படிப்பவர் எல்லாருக்கும் ஒரே உள்ளடக்கமா, ஆளுக்கு ஆள் மாறுமா? தரவு மாறிய பிறகு பக்கம் எவ்வளவு நேரம் பழையதாக இருக்கலாம்?

விலைப் பக்கத்தை எல்லாரும் ஒரே மாதிரி பார்க்கிறார்கள். லாரியில் குலை ஏற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு முறை பார்த்தால் போதும். விலை ஒரு நாளில் ஓரிரு முறைக்கு மேல் மாறாது. மாதக் கணக்கு அதற்கு நேர் எதிரானது: ஒருவருடையதை மற்றொருவர் பார்க்கவே கூடாது, அதே சமயம் சில நிமிடங்கள் பழையதாக இருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. எடைப் பதிவுத் திரையை ஒருவரோ இருவரோதான் பார்க்கிறார்கள், ஆனால் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும்போது அது ஒரு நொடியும் தயங்கக் கூடாது.

ரசீதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது ஒரு முறை உருவானால் பிறகு மாறக் கூடாது. அடுத்த வாரம் அதே ரசீதை மீண்டும் திறக்கும்போது, நிரல் அப்போதைய விலையை எடுத்துப் புதிதாகக் கணக்கிட்டுக் காட்டினால், கையில் இருக்கும் தாளும் திரையும் முரண்படும். பணம் பெற்றவர் நிலையத்தின் நேர்மையைச் சந்தேகிப்பார், அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. எனவே விலை, கழிவு, தொகை ஆகிய எல்லாவற்றையும் ரசீது உருவாகும் கணத்திலேயே தரவுத்தளத்தில் எழுதிவிட வேண்டும். பக்கம் அவற்றைக் காட்டுவதோடு நிற்க வேண்டும்.

படி 2: வழிகளை அறிந்து பொருத்துங்கள்

தரவிலிருந்து பக்கம் உருவாக்கும் முறைகள் மாறி மாறி வந்திருக்கின்றன. 1993இல் வந்த சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு நிரல் ஓடி, எச்டிஎம்எல்லை வரி வரியாக அச்சிட்டது. 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி, பக்கத்துக்குள்ளேயே நிரலைப் பொதிந்து வைக்கும் பழக்கத்தைப் பரப்பியது. 2008இல் வந்த ஜெக்கில், பக்கங்களை முன்கூட்டியே கோப்புகளாகத் தயாரித்து வைக்கும் முறையை மீண்டும் பரவலாக்கியது. 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், பக்கம் கட்டும் வேலையை உலாவியின் பக்கம் வெகுவாக நகர்த்தியது. இவற்றில் எதுவும் காலாவதியாகிவிடவில்லை என்பதால், ஆண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. எக்ஸ்எம்எல் தரவை எச்டிஎம்எல்லாக மாற்ற 1999இல் தரப்படுத்தப்பட்ட எக்ஸ்எஸ்எல்டி மொழியை உலாவிக்குள் இயக்கும் வசதியை நீக்கப் போவதாகக் குரோம் அணி 2025இல் அறிவித்துவிட்டது. பழைய செயலியில் அது இருந்தால், மாற்றத்தைச் சர்வர் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள்.

முன்கூட்டியே தயாரிக்கும் வழி விலைப் பக்கத்துக்கு முற்றிலும் பொருந்துகிறது. கிராணி விலையை மாற்றிச் சேமிக்கும் கணத்தில் நிரல் ஒரு முறை ஓடி, எச்டிஎம்எல் கோப்பை எழுதி வைத்துவிடுகிறது. பின்னர் நூறு பேர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் தரவுத்தளத்தை யாரும் தொடுவதில்லை. தரவுத்தளம் நின்றுபோனாலும் பக்கம் தொடர்ந்து கிடைக்கும். கோப்பை எழுதும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய கோப்பின் மேலேயே நேரடியாக எழுதினால், எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் வருபவருக்குப் பாதிப் பக்கம் போய்ச் சேரும். அதே வட்டில் வேறு பெயரில் தற்காலிகக் கோப்பாக முழுவதையும் எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றுங்கள். லினக்ஸ் சர்வரில் ஒரே கோப்பு முறைமைக்குள் நடக்கும் பெயர் மாற்றம் பிளவுபடாத ஒரே செயல் என்பதால், வருபவர் பழைய பக்கத்தையோ புதிய பக்கத்தையோ முழுமையாகவே பெறுவார்.

இந்த வழியில் பழைய பக்கம் சத்தமில்லாமல் தங்கிவிடும் ஆபத்து இருப்பதை மறக்க வேண்டாம். உருவாக்கும் நிரல் ஏதோ காரணத்தால் ஓடாமல் போனால், நேற்றைய விலை இன்றைய விலைபோல் நிற்கும். அதை நம்பி ஒருவர் லாரி வாடகை கொடுத்துக் குலைகளை ஏற்றி வருவார். எனவே விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், “இந்த விலை பதிவான நாளும் நேரமும்” என்ற வரி இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் சாம்பல் நிறத்தில் சிறிதாக எழுதுவதை நான் ஏற்பதில்லை.

கோரிக்கை வரும்போது சர்வரிலேயே பக்கத்தைக் கட்டி அனுப்பும் வழி மாதக் கணக்குக்கு உரியது. பயனர் உள்நுழைகிறார், அவர் யார் என்று சர்வருக்குத் தெரிகிறது, அவருக்குரிய வரிகள் மட்டும் தரவுத்தளத்திலிருந்து வருகின்றன, மதிப்புகளுக்கு இடம் விட்டு எழுதிய பக்க அச்சான வார்ப்புரு (டெம்ப்ளேட்) அவற்றை எச்டிஎம்எல்லாக மாற்றுகிறது. லாராவெல், ஜாங்கோ, ரெயில்ஸ் போன்ற ஃபிரேம்வொர்க்குகள், அதாவது வலைச் செயலி எழுதுவதற்கான ஆயத்தச் சட்டகங்கள், இதை நன்றாகச் செய்கின்றன. பட்டணத்தில் நீங்கள் எழுதும் செயலிகளில் பெரும்பகுதிக்கு இந்த ஒரு வழியே போதும் என்பது என் உறுதியான கருத்து.

உலாவியிலேயே பக்கத்தைக் கட்டும் வழியை எடைப் பதிவுத் திரைக்கு ஒதுக்குங்கள். தோட்டத்தை ஒட்டிய இடங்களில் இணைப்பு திடீரென்று விட்டுப்போகும்; அப்போது சர்வரின் பதிலுக்காகத் திரை காத்திருந்தால் வரிசை முழுவதும் நிற்கும். உலாவிக்குள் இருக்கும் இன்டெக்ஸ்டிடிபி சேமிப்பில் பதிவை உடனே எழுதி, இணைப்பு திரும்பியதும் சர்வருக்கு அனுப்பும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். இதில் தவற விடக் கூடாத ஒன்று உண்டு. அனுப்பிய பதிவு சர்வரைச் சேர்ந்து, அதன் பதில் மட்டும் வழியில் தொலைந்தால், உலாவி அதே பதிவை மறுபடியும் அனுப்பும். ஒரே லாரி இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் உலாவியே தனித்த அடையாள எண் ஒன்றை உருவாக்கி இணைத்து அனுப்ப, அந்த எண் ஏற்கெனவே இருந்தால் சர்வர் புதிதாகச் சேர்க்காமல் “பெற்றாயிற்று” என்று மட்டும் சொல்ல வேண்டும்.

இவற்றுக்கு இடையில் ஒரு வழி உண்டு: சர்வர் முழுப் பக்கத்துக்குப் பதிலாகப் பக்கத்தின் ஒரு துண்டை மட்டும் எச்டிஎம்எல்லாக அனுப்ப, உலாவி அதை உரிய இடத்தில் பொருத்திக்கொள்கிறது. எச்டிஎம்எக்ஸ் இந்த முறைக்காகவே எழுதப்பட்ட சிறிய நூலகம். லாரி எண்ணின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் பொருந்தும் வரிகள் கீழே வருவது போன்ற தேவைகளுக்கு ரியாக்ட் வரை போக வேண்டியதில்லை.

நெக்ஸ்ட் போன்ற ஃபிரேம்வொர்க்குகள் சர்வரில் ஒரு முறை பக்கத்தைக் கட்டி, பிறகு உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அதை இயங்கும் பக்கமாக்கி உயிரூட்டுகின்றன. பெரிய தளங்களுக்கு அதில் பயன் உண்டு. ஆனால் வழக்கமான அமைப்பில் ஒரே தரவு எச்டிஎம்எல்லாக ஒரு முறையும், உயிரூட்டலுக்கான தரவாக இன்னொரு முறையும் பயணிக்கிறது. கோயில் உபயப் பட்டியலுக்கு அந்தச் சுமை தேவையில்லை.

படி 3: கணக்கை முடித்துவிட்டு வார்ப்புருவுக்குள் செல்லுங்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தப் படி பொதுவானது. நீண்ட காலம் நிற்கும் செயலியையும் விரைவில் சிதையும் செயலியையும் பிரிப்பதும் இதுவே. வார்ப்புருவுக்குள் கணக்கு நடக்கக் கூடாது. அதற்குச் செல்லும் ஒவ்வொரு மதிப்பும் காட்டுவதற்குத் தயாரான நிலையில் இருக்க வேண்டும்.

பணத்தில் தொடங்குவோம். ஒரு டன் 812 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டு, ஒருவர் ஒரே நாளில் 1,865 கிலோவும் 1,240 கிலோவுமாக இரண்டு லாரிக் குலைகள் தருகிறார் என்று கொள்வோம். முதல் தொகை 1,514.38 ரிங்கிட், இரண்டாவது 1,006.88 ரிங்கிட், கூட்டினால் 2,521.26. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகத் தரும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது. ஆகவே கையில் தர வேண்டியது 2,521.25. வார்ப்புருவில் ஒவ்வொரு வரியையும் காட்டும்போதே சரிசெய்துவிட்டால் 1,514.40, 1,006.90 என்று வரும், கூட்டுத்தொகை 2,521.30 ஆகிவிடும். ஐந்து சென் சிறியதுதான், ஆனால் கூட்டிப் பார்ப்பவர் கணக்கு ஒத்துவராத தாளை வைத்துக்கொண்டு கவுண்டருக்குத் திரும்பி வருவார். சரிசெய்தல் மொத்தத்தில் ஒரே ஒரு முறை நடக்க வேண்டும், “சரிசெய்தல்: –0.01” என்று அது தனி வரியாகத் தெரியவும் வேண்டும்.

தொகைகளைச் சென்னில், எடையைக் கிலோவில், முழு எண்களாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன்னுக்கு 81,200 சென். 1,865ஐப் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் 151,438 சென். புள்ளி வைத்து ரிங்கிட்டாக எழுதுவது காட்டுவதற்கு முந்தைய கடைசி வேலை. தசம எண்களைக் கணினியின் மிதவைப் புள்ளி வடிவில் வைத்தால் எங்கோ ஒரு சென் வழுக்கும்.

நேரத்தை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். சர்வர்கள் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னால் இருக்கிறது. தோட்டத்தில் வேலை பெரட்டோடு (காலையில் ஆள்கணக்கு எடுப்பதோடு) விடியலிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூலை 1ஆம் தேதி காலை 6.15க்கு எடை போட்ட லாரி, தரவுத்தளத்தில் ஜூன் 30, இரவு 10.15 என்று பதிவாகிறது. அதை அப்படியே பக்கத்தில் காட்டினால் தேதி தவறுகிறது. மாதவாரியாகப் பிரிக்கும் இடத்திலும் அப்படியே பயன்படுத்தினால் அந்த லாரி ஜூன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. காலை எட்டு மணிக்கு முன் நடக்கும் எல்லாப் பதிவுகளுக்கும் இது நேரும். சேமிக்கும்போது பொது நேரத்திலேயே சேமியுங்கள். ஆனால் நாளாகவோ மாதமாகவோ பிரிப்பதற்கு முன் ஆசியா/கோலாலம்பூர் நேர மண்டலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பெயர்களை அகர வரிசையில் அடுக்குவதும் இந்தப் படியில் சேரும். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் இடம்பெற்றிருக்கும் வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசை அல்ல; அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்துவிடுகிறது, றகரம் ரகரத்துக்கு அடுத்து நிற்கிறது, ழகரம் வகரத்துக்கு முன்னால் இருக்கிறது. குறியீட்டு எண்ணை மட்டும் வைத்து அடுக்கும் நிரல், உபயக்காரர் பட்டியலைப் பன்னீர், பரமேஸ்வரி, பழனி, பவானி என்று தரும். தமிழ் வரிசைப்படி பரமேஸ்வரி, பவானி, பழனி, பன்னீர் என்று வர வேண்டும். பல மொழிகளின் வரிசை விதிகளைக் கொண்ட ஐசியு நூலகத்தின் தமிழ் வரிசை விதிகளைப் பயன்படுத்தினால் இது சரியாகும். போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது, பிஎச்பியில் கொலேட்டர் என்ற வகுப்பாக இருக்கிறது, உலாவியின் ஜாவாஸ்கிரிப்டிலும் அதே பெயரில் கிடைக்கிறது.

படி 4: வார்ப்புரு மொழியைத் தேர்ந்தெடுங்கள்

சொற்றொடர்களைக் கூட்டல் குறியால் ஒட்டிப் பக்கம் உருவாக்கும் பழக்கத்தை முதலில் கைவிடுங்கள். இரண்டு வரிக்கு அது எளிது. இருநூறு வரிக்கு எந்தக் குறி எங்கே திறந்தது, எங்கே மூடியது என்று எழுதியவருக்கே தெரியாது. அதைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. எச்டிஎம்எல்லில் ஐந்து குறிகளுக்குத் தனிப்பொருள் உண்டு: சிறியது குறி, பெரியது குறி, ஆம்பர்சண்ட், இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள். பயனர் தட்டிய பெயரிலோ குறிப்பிலோ இவை இருந்து, மாற்றப்படாமல் பக்கத்தில் விழுந்தால், வேறொருவர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்துக்குள் ஓடக்கூடும். கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்று சொல்லப்படும் தாக்குதல் இதுதான்.

ஆகவே வார்ப்புரு மொழியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நான் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அது தானாக எஸ்கேப் செய்கிறதா, அதாவது இந்தக் குறிகளை வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றுகிறதா? லாராவெலின் பிளேட், ட்விக், ஜாங்கோவின் வார்ப்புரு ஆகியவை செய்கின்றன. ஜிஞ்ஜா தனியாகப் பயன்படும்போது இயல்பாகச் செய்வதில்லை. ஃபிளாஸ்க் என்ற ஃபிரேம்வொர்க் வழியாக வரும்போது எச்டிஎம்எல் கோப்புகளுக்குச் செய்கிறது. இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை, ஃபிளாஸ்க்கிலிருந்து வெளியே எடுத்த வார்ப்புரு காப்பின்றி ஓடும். வெறும் பிஎச்பியில் ஒவ்வொரு இடத்திலும் நீங்களே எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் சார்பை அழைக்க வேண்டும், 8.1 பதிப்புக்கு முன் அது ஒற்றை மேற்கோளை இயல்பாக மாற்றவும் இல்லை. ரியாக்ட் உரையை எஸ்கேப் செய்துவிடுகிறது, ஆனால் எச்டிஎம்எல்லை அப்படியே நுழைக்கும் வசதியின் பெயரிலேயே “ஆபத்தானது” என்ற சொல்லை அதன் ஆசிரியர்கள் வைத்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை மதியுங்கள்.

கோ மொழியின் எச்டிஎம்எல் வார்ப்புருவை இங்கே தனியாகப் பாராட்ட வேண்டும். மதிப்பு விழும் இடம் உரையா, இணைப்பு முகவரியா, ஜாவாஸ்கிரிப்ட் பகுதியா என்று அதுவே கண்டறிந்து அந்தந்த இடத்துக்கு ஏற்ப எஸ்கேப் செய்கிறது. மேலே சொன்ன மற்றவற்றில் அந்தப் பொறுப்பு உங்களுடையது. அடுத்த படி அதைப் பற்றியது.

மஸ்டாஷ் போன்ற, தர்க்கமே எழுத முடியாத மொழிகள் நல்லவையா என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றாம் படியை ஒழுங்காகச் செய்தவருக்கு அவை போதும். வார்ப்புருவை வேறொருவர், குறிப்பாக வடிவமைப்பாளர், தொடப்போகிறார் என்றால் இன்னும் பொருத்தம்.

படி 5: மதிப்பு எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள்

நம் நாட்டுப் பெயர்களே இதற்குச் சிறந்த சோதனை. அடையாள அட்டையில் நம்மவர் பெயர்களில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று சாய்கோடு வருகிறது. எச்டிஎம்எல் உரையில் சாய்கோட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அதே பெயரை இணைப்பு முகவரியின் ஒரு பகுதியாக வைத்தால், சாய்கோடு முகவரியை இரண்டாகப் பிளந்து, பக்கம் கிடைக்கவில்லை என்ற பதில் வரும். முகவரிக்குரிய குறியாக்கம் வேறு, எச்டிஎம்எல்லுக்குரியது வேறு. ஆனால் இங்கே குறியாக்கத்தைவிட நல்ல தீர்வு, முகவரியில் பெயரையே வைக்காமல் இருப்பது. தரவுத்தளத்தின் உள் எண்ணை வையுங்கள். அந்த எண் வந்ததும், உள்நுழைந்திருப்பவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டா என்று ஒவ்வொரு முறையும் சர்வர் சரிபார்க்க வேண்டும். இல்லையெனில் முகவரியில் ஒரு எண்ணைக் கூட்டிப் பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கை யாரும் பார்த்துவிடலாம்.

மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் எண்ணை அடையாள எண்ணாகப் பயன்படுத்தவே வேண்டாம். அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி என்பதால், எண் வெளியானால் வயதும் வெளியாகிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. வணிகத்துக்காகத் திரட்டிய தனிநபர் தரவைப் பாதுகாக்கும் கடமை நிலையத்துக்கும் உண்டு. உலாவியில் பக்கம் கட்டும் வழியில் கசிவு எளிதில் நிகழ்ந்துவிடும். சர்வர் ஒருவரைப் பற்றிய முழு வரியையும் ஜேசன் என்ற தரவு வடிவில் அனுப்பிவிடுகிறது. திரையில் பெயரும் தொகையும் மட்டும் தெரிகின்றன. ஆனால் மைகார்டு எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உலாவியின் நெட்வொர்க் பகுதியைத் திறப்பவருக்குத் தெளிவாகத் தெரிகின்றன. எந்தப் புலங்கள் போக வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு மறைப்பது பாதுகாப்பாகாது.

படி 6: தமிழுக்கு வேண்டியதைத் தமிழுக்குச் செய்யுங்கள்

யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கிறது. “சிவகாமி” என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் 7 குறியீடு. வட்டில் 21 பைட். பட்டியல் அழகாக இருக்க வேண்டும் என்று பெயரை 20 பைட்டில் வெட்டும் நிரல், கடைசிக் குறியீட்டை நடுவே உடைத்துக் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரத்தைத் தரும். குறியீடாக எண்ணி வெட்டினாலும் தப்பில்லாமல் போவதில்லை: “முனியம்மாள்” என்ற பெயரைப் 10 குறியீட்டில் வெட்டினால் கடைசிப் புள்ளி மட்டும் போய் “முனியம்மாள” என்று நிற்கும். எழுத்துத் தொகுதியாக எண்ணும் சார்புகளைப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, பெயரை வெட்டாமல் அடுத்த வரிக்கு மடங்க விடுவது. ஒருவருடைய பெயரை முழுமையாகக் காட்ட முடியாத வடிவமைப்பு திருத்தப்பட வேண்டிய வடிவமைப்பு.

வார்ப்புருவில் பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். முனியாண்டி என்ற மதிப்புக்குப் பின் “க்கு” சேர்த்தால் சரியாக வரும். கமலம் என்ற மதிப்புக்குப் பின் சேர்த்தால் “கமலம்க்கு” என்று பக்கம் பேசும். எல்லாப் பெயருக்கும் புணர்ச்சி விதி எழுதுவதைவிட, “பெறுபவர்: கமலம்” என்று பெயர் தனியே நிற்கும்படி வாக்கியத்தை அமைப்பது எளிது. மலாயிலும் தமிழிலும் பக்கம் வேண்டுமென்றால், வாக்கியங்களைத் துண்டு துண்டாக மொழிபெயர்த்து ஒட்டாமல், மதிப்பு விழும் இடத்தோடு முழு வாக்கியத்தையும் ஒவ்வொரு மொழிக்கும் தனியே எழுதி வையுங்கள். பக்கத்தின் மொழிக் குறியையும் அந்தந்த மொழிக்கு ஏற்ப அமையுங்கள். திரைவாசிப்பான் அதை வைத்தே உச்சரிப்பைத் தேர்கிறது.

மூன்று பைட் என்பதால் தமிழ்ப் பக்கம் கனமாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் முதல் பைட் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. இந்தத் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு ஜீஜிப் சுருக்கத்துக்கு மிக ஏற்றது. சர்வரில் அதை இயக்கி விடுங்கள்.

படி 7: கேஷ் விதிகளைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதுங்கள்

கேஷ் என்பது ஒரு முறை பெற்ற பக்கத்தை உலாவியோ இடையில் இருக்கும் சேவையோ சேமித்து வைப்பது. அதற்கான விதிகளை எழுதுவது விரைவில் முடியும் வேலை, விட்டுவிட்டால் விளைவு பெரிது. விலைப் பக்கத்தை யாரும் சில நிமிடங்கள் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்று, சர்வர் பக்கத்தோடு அனுப்பும் தலைப்புவரியில் சொல்லுங்கள். மாதக் கணக்குக்கு “நோ-ஸ்டோர்” (சேமிக்காதே) என்று சொல்லுங்கள். பல குடும்பங்களில் ஒரே கைப்பேசியை அப்பாவும் மகனும் பயன்படுத்துகிறார்கள், வெளியேறிய பிறகு பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் முந்தையவரின் கணக்கு தெரியக் கூடாது. பக்கங்களின் நகல்களைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சிடிஎன் சேவை நடுவில் இருந்தால், உள்நுழைந்தவருக்கான பக்கம் எதையும் அது சேமிக்காதபடி அமைந்திருக்கிறதா என்று இரண்டு வெவ்வேறு கணக்குகளால் உள்நுழைந்து நேரடியாகச் சரிபாருங்கள்.

படி 8: அச்சுக்குப் போகும் பக்கம்

ரசீதைப் பிடிஎஃப்பாக உருவாக்க எளிய நூலகங்கள் பல உண்டு. அவற்றில் சில எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்குகின்றன. தமிழில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது. “கெ” என்று வர வேண்டிய இடத்தில் ககரமும் அதற்குப் பின்னால் கொம்பும் விழும். நூலகத்தைத் தேர்வதற்கு முன் “கெ, கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ” ஆகிய ஐந்தையும் அச்சிட்டுப் பாருங்கள். குரோம் உலாவியைத் திரையின்றி ஓடவிட்டு, நீங்கள் ஏற்கெனவே எழுதிய எச்டிஎம்எல் பக்கத்தையே பிடிஎஃப்பாக மாற்றுவது கனமான வழிதான், ஆனால் உலாவி தமிழைச் சரியாகக் கோப்பதால் எழுத்து சிதையாது. வலைக்கும் அச்சுக்கும் ஒரே வார்ப்புரு போதும் என்ற ஆதாயமும் சேர்கிறது. கவுண்டரில் இருக்கும் சிறிய வெப்ப அச்சுப்பொறிகளில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. அவற்றுக்கு ரசீதைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும்.

படி 9: வெளியிடுவதற்கு முன் உடைத்துப் பாருங்கள்

சோதனைக்கென்று சில வரிகளைத் தரவுத்தளத்தில் நிரந்தரமாக வைத்திருங்கள்: பெயரில் ஆம்பர்சண்ட் உள்ள ஒரு கடை, ஒற்றை மேற்கோள் உள்ள ஒரு பெயர், ஏ/பி உள்ள ஒரு பெயர், நாற்பது எழுத்துக்கு மேல் நீளும் ஒரு பெயர், குறிப்புப் புலத்தில் ஒரு ஸ்கிரிப்ட் குறி, மாதத்தின் முதல் நாள் காலை ஆறு மணிக்கு ஒரு பதிவு, ஒரு பதிவும் இல்லாத ஒரு விற்பனையாளர். கடைசியாகச் சொன்னவரின் பக்கம் வெறுமையாக வந்தால், செயலி பழுது என்றே அவர் நினைப்பார். “இந்த மாதம் எடைப் பதிவு இல்லை” என்ற ஒரு வரி அங்கே இருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். விலைப் பக்கமும் மாதக் கணக்கும் அப்போதும் முழுமையாகத் தெரிய வேண்டும். எடைப் பதிவுத் திரை மட்டுமே விதிவிலக்கு. உலாவியின் கருவியில் இணைப்பு வேகத்தை மெதுவான 3ஜி அளவுக்குக் குறைத்து மறுபடியும் திறங்கள். இறுதியாக, மூல எச்டிஎம்எல்லையும் சர்வர் அனுப்பும் ஒவ்வொரு ஜேசன் பதிலையும் திறந்து, சோதனைக்காக உள்ளிட்ட மைகார்டு எண்ணின் 12 இலக்கங்களைத் தேடுங்கள். ஓரிடத்தில் அகப்பட்டாலும், அது எந்தப் புலத்தின் வழியாக வந்தது என்று கண்டு நீக்கிய பிறகே அந்தப் பக்கத்தை வெளியிட வேண்டும்.